கண் மட்டும் வாசிக்கும் பக்கம்

ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலை நான்கு மாணவர்கள் கணினித் திரையில் முழுவதுமாக வாசித்தார்கள். அவர்களுடைய கண் எந்த எழுத்தின்மேல் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்து எங்கே தாவுகிறது என்பதை ஒரு கருவி விடாமல் குறித்துக்கொண்டே வந்தது. வாசிப்பவருக்கு இடப்பட்ட வேலை எளிது. மனம் கதையை விட்டு நழுவிவிட்டது என்று தமக்கே உறைக்கும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உறைக்காமலே போய்விடுகிறவர்களுக்காக, இடையிடையே திரை குறுக்கிட்டு ‘இப்போது கவனம் கதையில்தான் இருக்கிறதா?’ என்று கேட்கும். எரிக் ரைக்கிள், ஆண்ட்ரூ ரைன்பெர்க், ஜொனதன் ஸ்கூலர் என்ற மூன்று உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இது.

நான்கே பேரா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். நாவலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொருவர் கண்ணும் அத்தனையையும் கடந்து வந்திருக்கிறது. எனக்குள்ள ஆவலெல்லாம் வேறு: மனம் நழுவிய பக்கங்கள் எவை? கணுக்கால் பிசகிய மேரியானை வில்லபி மழையில் தூக்கிவரும் இடத்தில் யாருக்கும் கவனம் சிதறியிருக்காது என்றே நினைக்கிறேன். லண்டன் கடையில் ராபர்ட் ஃபெரர்ஸ் ஒரு பல்குச்சிப் பெட்டியின் அளவையும் அலங்காரத்தையும் தீர்மானிக்க முடியாமல் எலினோரைக் காக்கவைக்கும் இடம் இருக்கிறதே, அங்கே பொத்தான் அழுந்தியிருக்கலாம். ஆஸ்டினின் கிண்டல் உச்சத்தில் இருக்கும் இடம் அது என்பது வேறு விஷயம்.

நழுவிய மனத்தின் கண்ணை ரசிக்க வேண்டுமானால், நழுவாத கண் என்னென்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். வரியின்மேல் பார்வை வழுக்கிக்கொண்டே போவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. கண்ணோ தாவித் தாவிப் போகிறது. ஒரு தாவலுக்கு 20 முதல் 40 மில்லி நொடி, விழுந்த இடத்தில் 200, 250 மில்லி நொடி தங்கல், மறுபடி தாவல். தாவும் நேரத்தில் பார்வை ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. நிலைக்கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும். நம் கண்ணின் ஓட்டம் நம்மைத் தவிர எல்லோருக்கும் காணக் கிடைக்கிறது.

இந்தத் தாவலைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1870-களின் இறுதியில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் வாசிப்பவர் கண் விட்டுவிட்டு நகர்வதைக் கவனித்தார்கள். அமெரிக்காவில் எட்மண்ட் ஹியூயி என்பவர் 1898 வாக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் சின்னஞ்சிறு கிண்ணம் செய்து, பார்க்க நடுவில் துளையிட்டு, மருந்தால் மரத்துப்போகவைத்த விழியின்மேல் பொருத்தினார். கிண்ணத்தோடு ஓர் அலுமினிய முள். கண் அசைய முள் அசையும். புகை படிந்த உருளையின்மேல் அது கோடு கீறும். அந்தக் கோலத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்றால் அவர் மனம் வேறெங்கே அலைந்திருக்கும், கண்ணிலேயே இருந்திருக்கும். 1901-இல் ரேமண்ட் டாட்ஜ், விழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார். வாசகரின் கண்ணுக்கு அன்றைக்குத்தான் விடுதலை.

தங்கல்கள் ஒரே அளவாக இருப்பதில்லை. இந்தக் கலையின் நுட்பமே அங்கேதான் இருக்கிறது. அன்றாடம் புழங்கும் சொல்லைக் கண்டால் கண் சட்டென்று கிளம்பிவிடும். அரிதாகக் காணும் சொல்லில் சில பத்து மில்லி நொடி கூடுதலாக நிற்கும். ஆங்கில வாசிப்பில், பொருள் சுமக்கும் சொற்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் கண் இறங்குகிறது. ‘தி’, ‘ஆஃப்’ போன்ற ஒட்டுச் சொற்களில் 35 விழுக்காட்டில்தான். மற்றவற்றை ஓரக்கண்ணால் பார்த்துத் தாண்டிவிடுகிறது. வாக்கியம் முடியும் சொல்லில், சொன்னதையெல்லாம் கூட்டிக் கழிப்பதுபோல ஒரு சிறு தாமதம். தாவல்களில் 10 முதல் 15 விழுக்காடு பின்னோக்கியவை: சரியாகப் பிடிபடாத சொல்லைக் கண் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. சொல்லுக்குச் சொல் மரியாதையை அளந்து கொடுக்கிற இந்தக் கண்ணை நாம் ஏவுவதில்லை. ‘இந்தச் சொல்லில் 30 மில்லி நொடி கூடுதலாக நில்’ என்று யாரும் தன் கண்ணுக்குச் சொன்னதில்லை.

ரைக்கிள் இந்தக் கணக்கை அறிந்த ஆள். வாசிக்கும் கண் எப்போது, ஏன் அடுத்த சொல்லுக்குத் தாவுகிறது என்பதற்கு 1998-இலேயே தம் கூட்டாளிகளுடன் ஒரு கணித மாதிரியை உருவாக்கியவர். ஒழுங்கை அறிந்தவருக்குத்தானே அது குலைவது தெரியும்.

நாவல் வாசித்த நால்வருக்கும் மனம் விலகிய நேரங்களில் கண் நிற்கவில்லை. வரி தவறவில்லை, பக்கம் தள்ளுவதும் நடந்தது. தொலைவிலிருந்து பார்க்கிற ஆசிரியர் ‘நல்ல பிள்ளை, நன்றாகப் படிக்கிறான்’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். மாறியது தங்கலின் அளவு மட்டும். அது நீண்டது. கூடவே, அரிய சொல், பழகிய சொல் என்ற வேற்றுமை கண்ணுக்கு மங்கிப்போனது. நீளச் சொல்லுக்குரிய தாமதமும் முன்போல இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து டாம் ஃபுல்ஷம் குழுவினர் தனித்தனி வாக்கியங்களைக் கொடுத்துப் பார்த்தபோதும், மனம் விலகிய வாசிப்பில் அந்த வேற்றுமை காணாமற்போயிருந்தது. டொராண்டோவில் 2011-இல் நடந்த இன்னோர் ஆய்வு, ஒரே சொல்லுக்குள் கண் பின்வாங்கிப் பார்க்கும் அந்தச் சின்னச் சந்தேகம் குறைந்துவிடுவதைக் கண்டது.

பாடகர் தாளம் பிசகாமல், சுரம் தப்பாமல், ஆனால் ஒரு கமகமும் இல்லாமல் கீர்த்தனையைப் பாடி முடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது அந்தக் கண்ணின் பதிவு. குற்றம் என்று சுட்ட ஒன்றும் இல்லை. அசைவு மட்டும் இல்லை. கவனம் போய்விட்டதற்கு அடையாளமாகக் கண்ணில் புதிதாக எதுவும் முளைப்பதில்லை, இருந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிறது. இல்லாமற்போன ஒன்றை அளந்து காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இந்த ஆய்வில் என்னை மயக்குகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘அடடா, வேறெங்கோ போய்விட்டேன்’ என்று வாசிப்பவர் தாமே பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன், கண்ணின் ஓட்டம் மிகவும் தாறுமாறாகிறது. மனத்துக்கு உறைப்பதற்கு முன்பே கண் தடுமாறத் தொடங்கிவிடுகிறதா? அல்லது அந்தத் தடுமாற்றம்தான் மனத்தைத் தட்டி எழுப்புகிறதா? எது காரணம், எது விளைவு என்று அந்தப் பதிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வழியில் எங்கோ கால் இடறி, அப்புறம்தான் வீதியைக் கவனிக்கிறோம் என்பதைப் போன்ற ஒன்று என்று எண்ணிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

2010 இந்தத் துறைக்கு வாய்த்த ஆண்டு. அதே ஆண்டில்தான் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரின் கைப்பேசியை நாளின் வெவ்வேறு நேரங்களில் ஒலிக்கவிட்டு, செய்துகொண்டிருக்கும் வேலையில் மனம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 46.9 விழுக்காடு தடவை ‘இல்லை’ என்றே பதில் வந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குச் சற்றே குறைவு! பராக்குப் பார்க்காதே என்று குழந்தைகளை அதட்டும் பெரியவர்களின் கணக்கும் அதில் சேர்த்தி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்மைலெக் குழுவினர் இமையைப் பிடித்ததும் அதே 2010-இல்தான்.

இமை தனி அழகு. கண்ணை ஈரமாக வைத்திருப்பது அதன் வேலை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அந்த வேலைக்கு நிமிடத்துக்குச் சில தடவை மூடித் திறந்தால் போதும். சும்மா இருக்கும்போதோ நாம் நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைக்கிறோம். பேசும்போது அது இன்னும் கூடும். வாசிக்கும்போது நான்கு, ஐந்தாகச் சுருங்கிவிடும். கண் உலரத்தான் செய்கிறது. இருந்தாலும் சொல்லை விட மனமில்லாமல் இமை காத்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும் கிழவியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு தெரிந்திருக்கும்.

வாட்டர்லூ ஆய்வில் வாசிப்பவர்களை நடுவில் நிறுத்தி மனம் எங்கே என்று கேட்டார்கள். ‘வேறெங்கோ’ என்று பதில் வந்த இடங்களில், கேட்பதற்கு முந்தைய சில நொடிகளைத் திருப்பிப் பார்த்தால் இமைப்பு கூடியிருந்தது. உள்ளே வேறு காட்சி ஓடும்போது வெளியிலிருந்து வருவதைக் குறைத்துக்கொள்ள இமையும் கைகொடுக்கிறது என்று அவர்கள் பொருள் சொன்னார்கள். இமைப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழக் கால் நொடி சாத்தப்படும் கதவு. நமக்கு அந்த இருட்டு தெரிவதில்லை. விழித்திருக்கும் ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் இருட்டுகளை இப்படித் தாண்டி வருகிறோம்.

ஜப்பானில் தமாமி நகானோ குழுவினர் 2009-இல் செய்த ஆய்வு இதைவிடச் சுவையானது. சிலருக்கு ‘மிஸ்டர் பீன்’ படத்துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களின் இமைப்புகள் ஒரே இடங்களில் வந்து விழுந்தன. பீன் ஒரு காரியத்தை முடித்த கணம், பீன் திரையிலேயே இல்லாத கணம், முன்பு பார்த்ததைப் போன்ற காட்சி மறுபடி வரும் கணம்: இவற்றிலெல்லாம் இமைகள் சேர்ந்து மூடின. கதையில்லாத வெறும் பின்னணிக் காட்சிகளைப் பார்க்கும்போது அந்த ஒற்றுமை இல்லை. கதையைக் காதால் மட்டும் கேட்டபோதும் இல்லை. திரையரங்கின் இருட்டில் முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாகச் சிரிப்பது நமக்குத் தெரியும். ஒன்றாக இமைக்கவும் செய்கிறார்கள். எந்த இடத்தில் கண்ணை மூடினால் நட்டமில்லை என்பதை ஒவ்வொரு இமையும் தனித்தனியே கணித்து, ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதே குழு 2013-இல் மூளைக்குள் எட்டிப்பார்த்தது. படம் பார்க்கும்போது இயல்பாக இமைக்கும் கணத்தில், வெளியுலகில் கவனத்தைக் குவிக்கும் வலையமைப்பு சற்றுத் தளர்கிறது. சும்மா இருக்கையில், தன் நினைவில் தோயும்போது ஓங்கும் மற்றொரு வலையமைப்பு தலைதூக்குகிறது. திரையை அதே அளவு நேரம் செயற்கையாக இருட்டாக்கினால் இந்த மாற்றம் வருவதில்லை. இருட்டு இதைச் செய்வதில்லை, இமை செய்கிறது. கவனத்தின் ஒரு தவணை அங்கே முடிந்து அடுத்தது தொடங்குகிறது.

இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுகொண்ட ஒருவர் வால்ட்டர் மர்ச். கொப்போலா இயக்கிய ‘தி கான்வர்சேஷன்’ 1974-இல் வந்தது. அதில் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கும் தொழில்காரராக ஜீன் ஹாக்மன் நடித்தார். படத்தொகுப்பில் இருந்த மர்ச், ஒரு காட்சியை எந்தச் சட்டகத்தில் வெட்டலாம் என்று தாம் முடிவெடுக்கும் இடத்துக்கு வெகு அருகிலேயே ஹாக்மன் இமைப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டார். நடிகர் பாத்திரத்தின் எண்ணத்தை உண்மையாகவே எண்ணுகிறார், எண்ணம் முடிந்ததும் இமைக்கிறார், தொகுப்பாளரின் கை அதே இடத்தில் நிற்கிறது என்று மர்ச் புரிந்துகொண்டார். பின்னால் எழுதிய நூலுக்கு ‘இன் த பிளிங்க் ஆஃப் அன் ஐ’ என்றே பெயர் வைத்தார். நல்ல நடிகருக்கும் வசனத்தை ஒப்பிக்கிற நடிகருக்கும் இமையில் வித்தியாசம் தெரியும் என்ற அவர் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பழைய படங்களைப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

அடுத்தது பாவை. கருவிழியின் நடுவே இருக்கும் அந்தக் கரிய ஒளித்துளை வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டர் வரை சுருங்கும், இருட்டில் 8 வரை விரியும். வெளிச்சம் மாறாமலே மனத்துக்காகவும் அது அசையும், ஆனால் அரை மில்லிமீட்டருக்குள்தான். சிகாகோவின் எக்கார்ட் ஹெஸ்ஸுக்கு இது தெரிய வந்தது படுக்கையறையில். அவர் இரவில் படுத்தபடி விலங்குகளின் அழகான படங்கள் கொண்ட புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். பார்த்த மனைவி, வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது, உங்கள் பாவை இப்படி விரிந்திருக்கிறதே என்றார். வெளிச்சமோ போதுமான அளவு இருந்தது. ஆய்வின் பெருமை ஹெஸ்ஸுக்குப் போயிற்று. கண்டது என்னவோ அந்த அம்மாள்தான்.

ஹெஸ் எழுதியதைப் படித்துவிட்டு டேனியல் கானமனும் ஜாக்சன் பீட்டியும் 1966-இல் எண்களை எடுத்துக்கொண்டார்கள். நொடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்ல, கேட்பவர் பாவை எண்ணுக்கு எண் விரிந்தது. மனத்தில் வைத்திருந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, இறக்கிவைத்த சுமைக்கு ஏற்ப ஒவ்வொரு படியாகச் சுருங்கியது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற கானமன், தம் முதுமையில் எழுதிய நூலில் அந்த நாள்களை மிகுந்த ஆசையோடு நினைவுகூர்கிறார். பெரிதாக்கிய பாவை நடைக்கூடத்தில் இருந்த திரையில் தெரியும்படி வைத்திருந்தார்கள். பெருக்கல் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கைவிட்டால் திரையில் பாவை சுருங்கும். வெளியிலிருந்து உடனே ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர் திகைத்துப்போவார். கானமன் இன்னொன்றும் கவனித்தார். சோதனைக்கு வந்த ஒரு பெண் நடுவே சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பாவை பெரிதாக அசையவே இல்லை. நம் அன்றாட அரட்டையின் எடை எவ்வளவு என்று பாவை சொல்லிவிட்டது.

மனம் அலைவதற்குப் பாவை சொல்லும் சாட்சியில் எனக்குப் பிடித்ததே அதன் முரண்தான். சில ஆய்வுகளில், மனம் விலகியவர் பாவை விரிந்திருந்தது. வேறு சிலவற்றில் சுருங்கியிருந்தது. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான பிரெஞ்சுக் குழுவின் ஆய்வு அப்படிப்பட்டது. ஒன்று சரியென்றால் மற்றது தவறு என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரண்டும் சரியாக இருக்கலாம். மூளைத்தண்டின் மேற்பகுதியில் சில பத்தாயிரம் நரம்பணுக்களே கொண்ட ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. மூளை முழுவதும் நார்அட்ரினலினைத் தூவுவது அதன் வேலை. பாவையின் விரிவும் சுருக்கமும் பெரும்பாலும் அதன் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகின்றன. அந்தத் திட்டு ஓய்ந்து கிடந்தாலும் கவனம் நிற்காது, மிதமிஞ்சிக் கொதித்தாலும் நிற்காது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அங்கேதான் கவனம் வாழ்கிறது.

ஆக, மனம் இரண்டு வழியாக வெளியேறுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மூன்றாவது பாடவேளையில் கரும்பலகையைப் பார்த்தபடி கரைந்துபோவது ஒன்று; அங்கே பாவை சிறிது. நாளைக்குக் கட்ட வேண்டிய கடனை நினைத்துக் கையிலுள்ள பத்திரிகையில் ஓர் எழுத்தும் ஏறாமல் தவிப்பது மற்றொன்று. அங்கே பாவை பெரிது. இரண்டையும் ‘கவனமில்லை’ என்று ஒரே பெயரால் அழைத்துவிட்டு, அளவு முரண்படுகிறதே என்று வியந்தால் பாவை என்ன செய்யும்? இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்றையும் சொல்லியிருக்கிறார்கள்: செய்யும் வேலையில் ஏதேனும் தோன்றினால் பாவையில் எழ வேண்டிய சிறு விரிவு, மனம் விலகியவரிடம் குறைந்துபோகிறது.

கருவியே இல்லாமல் நாம் எல்லோரும் பார்த்திருக்கிற அடையாளம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் நம்மைத்தான் பார்க்கிறார். ஆனால் நம்மைத் தாண்டிப் பார்க்கிறார். ‘ஏய், நான் பேசுறது காதுல விழுதா?’ என்று கேட்கவைக்கும் பார்வை. அது என்ன என்றால், இரு கண்களின் கோணம். 40 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பக்கத்தைப் பார்க்கும்போது இரண்டு விழிகளும் மூக்குப் பக்கமாக உள்ளே திரும்பி, ஏறத்தாழ எட்டரை பாகைக் கோணத்தில் ஒரே எழுத்தில் சந்திக்கின்றன. மனம் உள்ளே திரும்பும்போது அந்தச் சந்திப்பு இளகுகிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மத்தியாஸ் பெனடெக் குழுவினர், திரையில் தெரியும் எழுத்துகளை வைத்துச் செய்யும் வேலையையும் அதே எழுத்துகளை மறைத்துவிட்டு மனத்துக்குள்ளேயே செய்யும் வேலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குவிகோணமும் பாவையும் இமைப்பும் இரண்டு நிலையிலும் வேறுபட்டன. இந்தச் சிறு இளக்கத்தை எதிரில் இருப்பவர் ஒரு மேசைக்கு அப்பாலிருந்து உணர்ந்துவிடுகிறார். மனைவிமாரும் வகுப்பாசிரியர்களும் இதில் வல்லவர்கள்.

கிராஸ் ஆய்வில் உள்நோக்கியவர்கள் கனவு காணவில்லை, கடுமையாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். இமைப்பு கூடுவதும் பார்வை இளகுவதும் ‘இவர் இங்கே இல்லை’ என்பதை மட்டும் சொல்கின்றன. எங்கே போயிருக்கிறார் என்று சொல்வதில்லை. கணக்கின் அடுத்த படியைத் தேடிக் கூரையைப் பார்க்கும் சிறுமிக்கும், கூரையில் பல்லி எப்படி விழாமல் இருக்கிறது என்று வியக்கும் அவள் தோழிக்கும் கண் ஒரே மாதிரிதான் இருக்கும். கடினமான கேள்விக்கு விடை தேடும்போது கேட்பவர் முகத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொள்வது மனிதர்களுக்கு இயல்பு. அப்படி விலக்குவது விடையைத் தேட உதவுகிறது என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இணையவழித் தேர்வில் கண் திரையை விட்டு விலகினாலே சந்தேகக் குறி போடும் மென்பொருளை எழுதியவர்கள், தாங்கள் யோசித்தபோது எங்கே பார்த்தார்கள் என்று ஒருமுறை கண்ணாடியில் பார்த்திருக்கலாம். இந்த அளவைகள் எல்லாம் நூற்றுக்கணக்கான கணங்களின் சராசரியில்தான் தெளிவாகத் தெரிகின்றன. ஒரு பிள்ளையின் ஓர் இமைப்பை வைத்துத் தீர்ப்பு எழுத அவை உருவானவை அல்ல. பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் தங்கலின் நீட்சியே சரியாகத் தெரியாமல் போனதும் உண்டு.

கார் ஓட்டுநர் விஷயத்தில் இவ்வளவு தாராளமாக இருக்க முடியாது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்களில், ஓட்டுநர் அயர்வதை அறிந்து எச்சரிக்கும் அமைப்பு கட்டாயமாகிவிட்டது. தூக்கத்தைப் பிடிப்பது ஒப்பளவில் எளிது. பாவையை இமை 80 விழுக்காட்டுக்கு மேல் மறைத்திருக்கும் நேரம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு என்று கணக்கிடும் முறை 1990-களிலிருந்தே இருக்கிறது. கைப்பேசியைப் பார்ப்பதைப் பிடிப்பதும் கடினமல்ல, கண் சாலையை விட்டு இறங்குகிறது, தெரிந்துவிடும். கண் திறந்திருக்க, சாலையிலேயே இருக்க, மனம் மட்டும் இறங்கிப் போனால்?

ஜிபோ ஹே, ஜேசன் மெக்கார்லி முதலியோர் 2011-இல் ஓட்டுநர்களை ஒரு சிமுலேட்டர் வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். மனம் அலைந்தபோது அவர்கள் பார்வை சாலையை விட்டு விலகவில்லை. இடமும் வலமும் உலவுவதுதான் சுருங்கியது. பக்கக் கண்ணாடிகளுக்குப் போய் வரும் அந்தக் குட்டிப் பார்வைகள் குறைந்தன. முன்னால் போகும் வண்டியின்மேல் கண் ஆணியடித்தாற்போல நின்றது. கண்ணைச் சாலையில் வை என்பதுதான் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் முதல் விதி. அந்த விதியை அவர்கள் எப்போதையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண் சாலையை விட்டு விலகுகிறதா என்று மட்டும் பார்க்கும் கேமரா அவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கும்.